பழுது பார்த்ததால் வந்த பழுது: வாடிங்டனின் கதை

தெப்ராவ் தொழிற்பேட்டைக்குப் பயிற்சிக்குச் செல்லும் பொறியியல் மாணவர்கள் முதல் சில நாள்களிலேயே ஒரு விதியைக் கற்றுக்கொள்வார்கள். இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், குறித்த மணி நேரம் ஆனதும் அதை நிறுத்தித் திறந்து, சோதித்து, மூட வேண்டும். இதுதான் கால அட்டவணைப் பராமரிப்பு. ஆனால் அப்படித் திறந்து மூடுவதே சில வேளைகளில் இயந்திரத்தைக் கெடுத்துவிடுகிறது என்பதை எண்களைக் கொண்டு காட்டிய ஒருவர் இருந்தார். அவர் பொறியாளர்கூட அல்லர். கோழிக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்த உயிரியல் அறிஞர். பெயர் கான்ராட் ஹால் வாடிங்டன்.

வாடிங்டன் 1905 நவம்பர் 8ஆம் தேதி இங்கிலாந்தின் ஈவ்ஷம் நகரில் பிறந்தார். தந்தை தேயிலைத் தோட்டக்காரர். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த வயநாட்டில் அவருடைய தோட்டம் இருந்தது. நம் முன்னோர் கப்பலேறி மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், அந்தச் சிறுவனின் முதல் ஆண்டுகள் வயநாட்டு மலையில் கழிந்தன. நான்கு வயதானபோது படிப்புக்காக அவனை இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவில் தங்கிவிட்டார்கள்.

தொல்லுயிர்ப் படிவங்களைச் சேகரிப்பதில் அவனுக்கு அளவற்ற ஆர்வம். அந்த ஆர்வமே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புவியியற்பாறைத் துறைக்குக் கொண்டுசென்றது. 1926இல் பட்டம் பெற்றார். பிறகு தத்துவம் படித்தார். அதன்பின் கருவியலுக்கு மாறினார். ஒரே கருவிலிருந்து பிரியும் செல்களில் சில இறகாகவும் சில எலும்பாகவும் மாறுவது எப்படி என்பதே அவருடைய கேள்வி. இன்று உயிரியல் பாடத்தில் நாம் படிக்கும் எபிஜெனெடிக்ஸ் என்ற சொல்லை 1942இல் உருவாக்கியவர் அவர்தான்.

அதே ஆண்டில் போர் அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே இழுத்தது. பிரிட்டன் ஒரு தீவு. உணவும் எரிபொருளும் கப்பலில்தான் வரவேண்டும். அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. அவற்றைத் தேடிப் பறக்கும் வேலை பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு. நீர்மூழ்கிக்கு மேலே விமானம் தெரிந்தால் அது நீருக்கடியில் பதுங்க வேண்டியிருக்கும்; கப்பல்களைத் துரத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு பறக்கும் மணி நேரமும் மாலுமிகளின் உயிரோடு தொடர்புடையது. ஆனால் நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் குறைவு. இருந்தவற்றிலும் பல, பட்டறையில் நின்றன.

கடலோரப் பிரிவில் அறிவியலாளர்கள் அடங்கிய ஆய்வுக்குழு ஒன்று இயங்கியது. வாடிங்டன் அதில் சேர்ந்தார். 1944, 1945ஆம் ஆண்டுகளில் தலைமைத் தளபதியின் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். குழுவின் முன் இருந்த கேள்வி இன்றைய தொழிற்சாலை மேலாளரின் கேள்விதான். புதிய இயந்திரம் வாங்க முடியாது. கூடுதல் ஆள் கிடைக்காது. இருப்பதை வைத்து அதிக வேலை வாங்குவது எப்படி?

முதல் விடை செசில் கோர்டன் என்ற மரபியல் ஆய்வாளரிடமிருந்து வந்தது. பறக்கத் தயாராக எத்தனை விமானங்கள் நிற்கின்றன என்பதை வைத்தே அன்று படையணிகள் மதிப்பிடப்பட்டன. இதில் ஒரு கோளாறு உண்டு. பறக்காத விமானம் பழுதாவதில்லை. அதனால் தரையில் நிறுத்தி வைத்தால் கணக்கு அழகாகத் தெரியும். கடலைத்தான் யாரும் காவல் காக்கமாட்டார்கள். பட்டறையின் உழைப்பு முழுதும் பயன்படும் அளவுக்குப் பறப்பைத் திட்டமிட வேண்டும் என்றார் கோர்டன். ஒரு படையணியில் இதைச் சோதித்துப் பார்த்தபோது பறக்கும் நேரம் பெரிதும் உயர்ந்தது.

அடுத்து வந்ததுதான் வியப்பு. விமானங்கள் 50 மணி நேரம் பறந்ததும் கட்டாயச் சோதனைக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும், எத்தனையாவது மணி நேரத்தில் எதிர்பாராத பழுது ஏற்பட்டது என்று வாடிங்டனின் குழு வரைபடம் போட்டது. சோதனை முடிந்ததும் பழுது குறைவாகவும், 50 மணி நேரம் நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். வரைபடம் தலைகீழாக இருந்தது. சோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன.

காரணம் எளிது. நன்றாகப் பொருந்தி ஓடிய பாகத்தைக் கழற்றி மாட்டும்போது ஒரு போல்ட் சரியாக இறுகாமல் போகலாம், குழாய் விலகலாம், புதிய உதிரிப்பாகமே குறையுள்ளதாக இருக்கலாம். மெக்கானிக்குகள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுக்குத் தரப்பட்ட அட்டவணைதான் தேவைக்கு மேல் கைவைக்கச் சொன்னது. எனவே சோதனைகளுக்கிடையிலான காலம் நீட்டப்பட்டது. பயனற்ற வேலைகள் நீக்கப்பட்டன. இத்தகைய மாற்றங்களால் பறக்கும் நேரம் ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. இந்தக் கண்டுபிடிப்பு இன்று வாடிங்டன் விளைவு என்று அழைக்கப்படுகிறது.

போருக்குப் பின் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கு மரபியல் பேராசிரியரானார். போர்க்கால ஆய்வை 1946இலேயே எழுதி முடித்தும், இரகசியம் காரணமாக அது நூலாக வெளிவர 1973 ஆகிவிட்டது. 1975 செப்டம்பர் 26ஆம் தேதி அவர் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நவ்லனும் ஹீப்பும் எழுதிய அறிக்கை இதே திசையைச் சுட்டியது: விமானப் பாகங்களில் பெரும்பாலானவை வயதானதால் மட்டும் பழுதாவதில்லை.

இதைப் படித்துவிட்டுப் பராமரிப்பே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக்கூடாது. தேய்கின்ற பாகத்துக்கு எண்ணெய் வேண்டும். வடிகட்டியை மாற்றத்தான் வேண்டும். எந்த வேலை பழுதைக் குறைக்கிறது, எது கூட்டுகிறது என்பதைப் பதிவேடுதான் சொல்லும். பயிற்சிக்குப் போகும் இடத்தில் பழுதுப் பதிவேட்டை உங்கள் கையில் கொடுத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், நண்பர்களே. என்ன பழுது என்பதோடு, கடைசியாக அந்த இயந்திரத்தை எப்போது திறந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வாடிங்டனின் குழுவிடம் இருந்ததும் அந்த இரண்டு விவரங்கள்தான்.