பிட் துரை வாங்கிய வைரம்

அவலூர்பேட்டைக்காரர்களுக்குச் செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு, 1698-ல் அந்தக் கோட்டை மொகலாயர் வசமாயிற்று. அதே ஆண்டில் சென்னைக் கோட்டைக்குப் புதுக் கவர்னர் வந்தார். அவர்தான் தாமஸ் பிட்.

பிட் துரை 1653-ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இளவயதிலேயே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். கும்பினியின் அனுமதி இல்லாமல் சொந்த வியாபாரம் செய்தார். கும்பினி அவருக்கு அபராதம் போட்டது. அவர் அடங்கவில்லை. கடைசியில் அதே கும்பினி அவரைக் கவர்னராக்கியது!

1701-ல் ஜாம்சந்த் என்ற வியாபாரி ஒரு பெரிய வைரக்கல்லைக் கொண்டுவந்தார். கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்துக் கல். எடை 410 காரட். சொன்ன விலை இரண்டு லட்சம் வராகன். நீண்ட பேரத்துக்குப் பின் 48,000 வராகனுக்கு முடிந்தது.

1702-ல் தாவூத்கான் சென்னையை முற்றுகையிட்டார். செஞ்சிப் போரில் பங்குகொண்ட தளபதி அவர். பிட் சுமார் மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். அந்த ஆண்டிலேயே வைரத்தை மகன் ராபர்ட்டிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார்.

அங்கே பட்டை தீட்ட இரண்டு ஆண்டு பிடித்தது. கல் சுமார் 140 காரட்டாகச் சுருங்கியது. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது! ஆனால் மதிப்புக் குறையவில்லை, ஏறியது. காரணம், அதற்குப் போட்ட 'பிரில்லியண்ட்' பட்டை.

மேலே அகன்ற முகம். அதைச் சுற்றிச் சாய்ந்த பட்டைகள். அடியில் கூம்பு. மேலே நுழையும் ஒளி அடிப்பட்டைகளில் மோதி, மறுபடி மேலே திரும்புகிறது. அதனால்தான் வைரம் டால் அடிக்கிறது. அடி அதிக ஆழமானாலும், தட்டையானாலும் ஒளி கீழே ஒழுகிவிடும்.

இன்று தோட்டிலும் மூக்குத்தியிலும் பதிக்கும் வட்டக் கல் அந்தப் பட்டையின் வாரிசு. அதற்கு 57 அல்லது 58 பட்டைகள். எந்தச் சாய்வில் ஒளி நன்றாகத் திரும்பும் என்று 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டுச் சொன்னார்.

ஆகவே வாங்குகிறவர்கள் காரட்டை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. எடைக்காக அடியைக் கனமாக விட்ட கல்லும் உண்டு. அது தராசில் ஏறும், காதில் மின்னாது. நடுவில் இருண்டோ, கண்ணாடிபோல் வெளிறியோ தெரிந்தால் வேண்டாம். சான்றிதழில் 'கட்' என்ன தரம் என்று பாருங்கள். அடி மூடிக் கட்டும் நகையானால், கட்டுவதற்கு முன்பே கல்லைப் பார்த்துவிடுங்கள்.

பிட் துரைக்கு வைரத்தால் நிம்மதி இல்லை. 1709-ல் பதவி போயிற்று. வியாபாரியை மிரட்டி வாங்கினார் என்று ஊர் பேசியது. நியாயமாகத்தான் வாங்கினேன் என்று 1710-ல் எழுதி வைத்தார். 1717-ல்தான் கல் விலைபோயிற்று. பிரான்சை ஆண்ட ஆர்லியன்ஸ் கோமகன் 1,35,000 பவுன் கொடுத்து வாங்கினார்.

பிட் 1726-ல் மறைந்தார். அவருடைய பேரனும், பேரனின் மகனும் இங்கிலாந்தின் பிரதமர்களாக விளங்கினார்கள். வைரம் நெப்போலியனின் வாளில் இருந்தது. இப்போது பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. முந்நூறு ஆண்டு ஆகியும் அந்தப் பட்டையின் ஒளி மங்கவில்லை.