அன்னை ரமாபாய் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கரின் கல்விச் சிறப்பைப் போற்றும் நாம், அதற்கு விலை கொடுத்த தாயை மறத்தலாகாது. ரமாபாயின் தந்தையார் கொங்கணக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அச்சிறுமிக்கு 1906இல் பம்பாய் பைகுல்லா அங்காடியில் திருமணம் நிகழ்ந்தது.

கணவர் 1913இல் அமெரிக்காவிற்கும், 1920இல் இலண்டனுக்கும் கல்வி கற்கச் சென்றார். பரேல் தொழிலாளர் குடியிருப்பில் வறுமையோடு போராடிப் பிள்ளைகளைக் காத்தவர் அன்னையே. வறட்டி தட்டினார், காசை எண்ணியெண்ணிச் செலவிட்டார். யஷ்வந்த், கங்காதர், ரமேஷ், இந்து, இராஜரத்தினம் என ஐவரைப் பெற்று, நால்வரைப் பறிகொடுத்தார். கடைக்குட்டி இராஜரத்தினம் 1926இல் மறைந்தான். மூத்தவர் யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். நோயுற்று நலிந்த அன்னையும் 1935 மே 27ஆம் நாள் மறைந்தார். 1940இல் எழுதி முடித்த பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அண்ணல் அவர் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

மாத்தூர் இளைஞர்களே! காணிக்கை பின்னர் வரட்டும். படிக்கும் நாளிலேயே உங்கள் தாயின் சுமையில் பங்கு கொள்ளுங்கள். தங்கையின் கையிலும் புத்தகம் கொடுங்கள். அன்னை ரமாபாய்க்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவேயாகும்.