அபாயச் சங்கிலிருந்து இசைக்கு: டெலியா டார்பிஷயர்

சென்ற மாதம் என் அறையில் ஒரு சிறிய டிஜிட்டல் ஒசிலேற்றரைச் செய்து முடித்தேன். ஒரு மைக்ரோகொன்ட்ரோலர், ஒரு அலையை 256 எண்களாகப் பிரித்துவைத்த அட்டவணை, அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு சிப், அவ்வளவுதான். நண்பர் தந்த பழைய அனலொக் சின்தசைசருடன் அதை இணைத்தேன். சின்தசைசர் சூடேறச் சூடேற அதன் சுருதி மெல்ல விலகும். என்னுடையது அசையாது. ஒன்று 220 ஹேர்ட்ஸிலும் மற்றது 221 ஹேர்ட்ஸிலும் நின்றால், செக்கனுக்கு ஒருமுறை ஒலி பெருகித் தணியும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு பாடும்.

பிறகு சுருதியை மேலிருந்து கீழே வழுக்கவிட்டுப் பார்த்தேன். குசினியிலிருந்து அம்மா ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். அவரது கை நடுங்கியது. வன்னியில் கிபிர் பதியும்போது கேட்ட ஒலி அது. எனக்கு அது உறைக்கவில்லை.

அன்றிரவு டெலியா டார்பிஷயரின் நினைவு வந்தது.

அவர் 1937 மே 5 இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் பிறந்தவர். 1940 நவம்பர் 14 இரவு ஜேர்மன் விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி அழித்தன. 500 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேராலயம் எரிந்து சுவர்களே மிஞ்சின. டெலியாவுக்கு அப்போது மூன்று வயது. வானூர்தித் தாக்குதலை அறிவிக்கும் சங்கும், ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சங்கும்தான் தன்னை மின்னணு ஒலியின் பக்கம் இழுத்தன என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார்.

கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு இசைத்தட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியது. 1960 இல் பிபிசியில் சேர்ந்து, 1962 இல் அதன் ரேடியோபொனிக் வேர்க்ஷொப்புக்குப் போனார். அங்கே சின்தசைசர் இருக்கவில்லை. கருவிகளைச் சோதிக்கப் பயன்படும் ஒசிலேற்றர்களும் ஒலிநாடாவும் பிளேட்டும்தான். ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணையும் கணக்கிட்டு, தனியாகப் பதிந்து, நாடாவை அளந்து வெட்டி ஒட்டுவார். பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்றைத் தட்டி, அந்த நாதத்திலிருந்தும் இசை செய்தார்.

1963 இல் ரொன் கிரெய்னர் எழுதிய டொக்டர் ஹூ தொடக்க இசைக்கு இப்படித்தான் உயிர் கொடுத்தார். அதன் மெட்டில் சுருதி வழுக்கி ஏறும், இறங்கும். கிரெய்னர் அவரது பெயரையும் சேர்க்க விரும்பினார். பிபிசி நடைமுறை இடம்கொடுக்கவில்லை. அந்தத் தொடரின் திரையில் அவரது பெயர் வந்தது 2013 இல். அவர் இறந்து 12 வருடங்களுக்குப் பிறகு.

1970 களின் தொடக்கத்தில் சின்தசைசர்கள் அங்கு வந்தன. அவற்றுடன் அவருக்கு ஒட்டவில்லை. 1973 இல் பிபிசியை விட்டு விலகி, எரிவாயுக் குழாய் பதிக்கும் இடத்தில் வானொலித் தொடர்பாளராகக்கூட வேலை செய்தார். 2001 ஜூலை 3 இல் 64 வயதில் காலமானார். அவரது வீட்டுப் பரணில் 267 ஒலிநாடாக்கள் இருந்தன. இன்று அவை மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

பயந்த ஒலியைக்கூட இசையாக்கலாம் என்பதற்கு டெலியாவை நான் உதாரணமாக நினைத்திருந்தேன். இப்போது அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். அவரது காது அந்தச் சங்கை எடுத்துக்கொண்டது. அதே நகரில் அதே இரவைக் கடந்த எத்தனையோ தாய்மாரின் காதுகள் அப்படிச் செய்திருக்காது. அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஒசிலேற்றரை நான் தூக்கி வைக்கவில்லை. அம்மா வீட்டில் இருக்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன்.