லியனார்தோ தா வின்சியும் இரும்புக் கம்பியும்

பெரும்பொருளைக் கண்டு வியப்பார் பலர். சிறுபொருளின் இயல்பை ஆராய்வார் சிலரே. அச்சிலருள் முற்பட வைத்து எண்ணத்தக்கவர் லியனார்தோ தா வின்சி என்பார். ஓவியரென உலகம் போற்றும் இப்பெரியார் இரும்புக் கம்பியின் வலிமையை அளக்கவும் முறை வகுத்தனர். ஆதலின் அவர் சரிதத்தைச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1452-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி இத்தாலி தேசத்து வின்சி என்னும் ஊரையடுத்துப் பிறந்தார். தந்தையார் பத்திரம் எழுதும் நொத்தேர். தாயார் அவரை மணந்தவரல்லர். லத்தீன் முதலிய உயர்தரக் கல்வி இவருக்கு முறையாக வாய்த்திலது. இளமையிலே புளோரென்சு நகரத்து வெரோக்கியோ என்னும் ஆசிரியரிடம் சிற்பமும் ஓவியமும் பயின்றார். பின்னர் மிலான் பிரபுவை அடுத்து, மாபெருங் குதிரைச் சிலையொன்றை வெண்கலத்தில் வார்க்க முயன்றார். 1494-இல் அவ்வெண்கலம் பீரங்கிக்குப் போயிற்று, சிலை முற்றுப்பெறவில்லை.

நிற்க. அவர் வகுத்த சோதனை யாதெனின், இரும்புக் கம்பியிலே கூடையொன்றைத் தொங்கவிட்டு, மேலுள்ள பாத்திரத்தின் சிறு துளை வழியே அதனுள் மணலை ஒழுக விடுதல். கம்பி அற்றவுடன் துளையை மூட ஒரு வில்லும் உண்டு. விழுந்த மணலை நிறுத்தால் கம்பி தாங்கிய பாரம் விளங்கும். பின்னர்ப் பாதி நீளம், கால் நீளம் எனக் குறைத்துச் சோதித்தல் வேண்டும். சம பருமனுள்ள கயிறுகளுள் நீளமானதே வலி குன்றியது என்பது அவர் கொள்கை.

இதன் காரணம் யாது? கரையாம்புத்தூரிலே கிணற்றில் நீர் சேந்துவார் இதனை எளிதில் உணர்வர். கயிறு நைந்த இடத்திலேயே அறும். நீளம் மிகுந்தால் நைந்த இடம் இருத்தற்கும் இடம் மிகும். எனினும் 1638-இல் கலிலியோ இக்கருத்தை மறுத்தார். 1921-இல் கிரிபித் என்பார் கண்ணாடி இழை மெலியுந்தோறும் வலிமை ஏறுதலைக் காட்டினார். 1952-இல், மயிரினும் மிக நுண்ணிய வெள்ளீய இழைகள் வளைத்து விட்டவுடன் நிமிர்தலை இருவர் கண்டனர். வளைத்தால் வளைந்தபடியே கிடப்பது சாதாரண வெள்ளீயம். உலோகம் அவ்வாறு உருமாறுவது அதன் அணுவரிசைகளிலுள்ள பிறழ்ச்சிகள் நகர்வதாலாகும். நுண்ணிழையில் அவை அரியனவாதலின் உறுதி மிகுகின்றது.

முதுமையிலே பிரெஞ்சு அரசரின் ஆதரவில் வாழ்ந்த லியனார்தோ, 1519-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி அம்புவாசு நகரில் உயிர் நீத்தார். அவருடைய குறிப்பேடுகள் அச்சேறாமலே மாணவர் மெல்சியின் கைப்பட்டு, மெல்சிக்குப் பின் சிதறின. அளந்து அறிதல் அறிவு; அறிந்ததைப் பிறர்க்கு வழங்குதலே அவ்வறிவின் பயன். மாணாக்கராகிய நாம் இரண்டனையும் மேற்கொள்வோமாக.