எட்டு மணி நேரமும் சிந்தனைச் சிற்பியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆலையின் சங்கு ஊதினால் வேலை தொடங்குகிறது. மீண்டும் ஊதினால் வேலை முடிகிறது. இவ்விரு சங்கொலிகளுக்கும் இடையே எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பதை முடிவு செய்தவர் யார்? கதிரவனா? இயந்திரமா? முதலாளியா? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நம் சென்னைக் கடற்கரையில் நின்ற ஒரு முதியவரிடம் போய்ச் சேருவோம். அவரே சிந்தனைச் சிற்பி என்று தமிழ்நாடு போற்றும் ம. சிங்காரவேலர்.

என் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் அரை இரவு, அதற்கடுத்த வாரம் முழு இரவு என முறை மாறி மாறி வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பகல் ஷிப்ட் வாரங்களில் மாலையில் என் அருகில் அமர்ந்து, நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மாலை நேரங்களே என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தன என்பேன். அவை யாரோ போராடிப் பெற்றுத் தந்தவை என்பதை அறிந்த பிறகுதான் சிங்காரவேலரின் வாழ்க்கையை ஆர்வத்தோடு படித்தேன்.

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னை அயோத்திக்குப்பத்தில் மீனவர் குலத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்; பின்னர்ச் சட்டமும் பயின்று, 1907-இல் உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார். கடற்கரைக் குப்பத்தில் பிறந்த ஒருவர் அக்காலத்தில் அந்நிலையை எட்டியது எளிய செயலன்று. பௌத்த நெறியில் ஈடுபாடு கொண்டார். ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டித் தம் இல்லத்தையே நூலகமாக்கினார். வசதியோடு வாழ்ந்து மறைந்திருக்கலாம். ஆனால் அவர் கண்கள் வடசென்னையின் ஆலை வாயில்களைக் கண்டன.

அந்நாளில் ஆலைத் தொழிலாளியின் நிலை என்ன? 1911-ஆம் ஆண்டுச் சட்டம் துணி ஆலைகளில் வளர்ந்த ஆண்களை நாள்தோறும் 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தந்தது. அதுகூட அன்றைக்கு ஒரு சீர்திருத்தமே. அதற்கு முன் ஆண்களின் வேலை நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. இந்நிலையில்தான் 1918-இல் பி.பி. வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நடுப்பகல் உணவுக்குப் போதிய நேரம் வேண்டும் என்பதே அத்தொழிலாளர்களின் முதற்குறைகளுள் ஒன்றாக இருந்தது. சோற்றை மென்று தின்ன நேரம் கேட்டுச் சங்கம் கண்டார்கள் என்றால், மற்றவற்றைச் சொல்லவும் வேண்டுமோ!

1919-இல் வாஷிங்டனில் கூடிய உலகத் தொழிலாளர் மாநாடு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற விதியை வகுத்தது. ஆனால் இந்தியாவுக்கு வாரத்துக்கு 60 மணி நேரம் என்று விலக்கு அளித்தது. 1922-இல் இங்கு வந்த சட்டமும் வாரத்துக்கு 60, நாளுக்கு 11 என்றே நின்றது. ஐரோப்பியன் உடல் களைக்கும், இந்தியன் உடல் களைக்காது என்று எந்த உடலியல் நூலும் கூறவில்லை. விலங்கியல் மாணவனாகிய எனக்கு இது பெருவியப்பு!

சிங்காரவேலர் ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921-இல் சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது அவர்கள் பக்கம் நின்றார். 1922-இன் இறுதியில் கயாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், தம்மைப் பொதுவுடைமையர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு தொழிலாளர்க்காகப் பேசினார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். பலர் ஓய்வெடுக்கும் வயதில் அவர் பணியைத் தொடங்கினார்!

1923-ஆம் ஆண்டு மே முதல் நாள். நண்பர்களே, இந்நாளைச் சற்று நிதானமாக நோக்குங்கள். 1886-இல் அமெரிக்கத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்த நாள் மே முதல் நாள். அதைத் தொடர்ந்து சிகாகோ நகரில் குருதி சிந்தியது. தொழிலாளர் தலைவர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1890 முதல் உலகத் தொழிலாளர்கள் அந்நாளைக் கொண்டாடி வந்தனர். இந்திய மண்ணில் அதனை முதன்முதலாகக் கொண்டாடியவர் சிங்காரவேலர். உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடைபெற்றன, செங்கொடி ஏற்றப்பட்டது. இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி அன்றே தொடங்கப்பட்டது. மே நாளை விடுமுறை நாளாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

எட்டு மணி நேரம் என்பது வெறும் எண்ணன்று. ஒரு நாள் என்பது 24 மணி. அதை எட்டால் வகுத்தால் மூன்று. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி தனக்கும் தன் மக்களுக்கும். பன்னிரண்டால் வகுத்தாலோ இரண்டு. வேலையும் உறக்கமும் போக ஒன்றும் மிஞ்சாது. ஓயாமல் ஓடும் ஆலையில் மூன்று ஷிப்ட் என்னும் ஏற்பாடு நிலைபெற்றதும் இக்கணக்கினால்தான். இயந்திரம் 24 மணி நேரமும் ஓடலாம். மனிதன் ஓட முடியாது. உயிரினங்களின் உடலுக்குள் பகல் இரவைக் கணிக்கும் கடிகாரம் ஒன்று இயங்குவதை விளக்கிய அறிஞர் மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. முழு இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் உறக்கம் வராமல் புரளும் என் தந்தையார் அக்கடிகாரத்தைப் பற்றிப் படித்ததில்லை. ஆயினும் அதை நன்கு அறிவார்.

சிங்காரவேலரின் பணி கடற்கரையோடு நின்றுவிடவில்லை. 1923-இலேயே தொழிலாளன் என்னும் இதழை நடத்தினார். 1925-இன் இறுதியில் கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்றார். அதற்காக 68 வயது முதியவருக்குக் கிடைத்த பரிசு பத்தாண்டுச் சிறைத்தண்டனை! பின்னர்த் தண்டனை குறைக்கப்பட்டு 1930-இல் விடுதலையானார்.

சிறையிலிருந்து வந்தவர் சோர்ந்து அமரவில்லை. பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியற் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். புதுவுலகம் என்னும் இதழையும் நடத்தினார். வானியல், உயிரியல், மனித இனத்தின் தோற்றம் ஆகியவற்றைத் தமிழில் எழுதினார். யாருக்காக? வேலை முடிந்து வீடு திரும்பும் எளியவர்க்காக! உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும், அவ்வோய்வில் அறிவு வேண்டும் என்ற இரு நோக்கங்களும் அவர் வாழ்வில் இரு கண்களாக விளங்கின. அறிவியல் பயிலும் நாம் மறக்கக் கூடாதது இது.

1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் சிங்காரவேலர் மறைந்தார். அதே 1946-இல், தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்த டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த சட்டத் திருத்தம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 ஆக இருந்த வேலை நேரத்தை 48 ஆகக் குறைத்தது. 23 ஆண்டுகளுக்கு முன் மணலில் விதைத்தவர் விளைச்சலைக் காணவில்லை!

பின்னர் வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை விரிவாக்கியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது. இடையே அரை மணி ஓய்வு வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும். மிகை நேர வேலைக்கு இரட்டைக் கூலி வேண்டும். எந்த ஷிப்ட் எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதை எல்லோரும் காண எழுதி மாட்ட வேண்டும். இவையெல்லாம் அச்சட்டத்தின் விதிகள். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி நேரம் என்ற எண்ணே இடம்பெற்றுள்ளது.

ஆனால் ஏட்டில் உள்ள எண் தானாகவே ஆலைக்குள் நடந்து வந்துவிடாது. என் அக்கா ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். அங்கே ஒன்றரை ஷிப்ட் என்பது அன்றாட வழக்கு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். ப்ளஸ் டூ வரை படித்தவர். அஞ்சல் வழியில் பட்டம் படிக்க ஆசைப்பட்டு வாங்கிய புத்தகங்கள் பிரிக்கப்படாமலே அலமாரியில் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த மாலை நேரம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் பட்டத்துக்கும் பட்டமின்மைக்கும் இடையே உள்ள தூரம் அந்த நான்கு மணி நேரம்தான்.

2023 ஏப்ரலில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் சட்ட முன்வடிவு நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. சிங்காரவேலர் செங்கொடி ஏற்றி அன்றோடு சரியாக நூறு ஆண்டுகள்!

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் ஆலைகளில் மேற்பார்வையாளர்களாக, அலுவலர்களாக அமரப் போகிறோம். ஷிப்ட் அட்டவணையை எழுதும் பேனா நம் கைக்கும் வரலாம். அப்போது அட்டவணையில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அவ்வீட்டில் வாய்விட்டுப் படிக்கக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம். சிங்காரவேலருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.

வாழ்க சிங்காரவேலர் புகழ்!