காந்தியடிகளின் தன்னடக்கம் – தவக்காலச் சிந்தனை

தவக்காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் பலர் பல முடிவுகளை எடுக்கிறார்கள். சிலர் இறைச்சியை விடுகிறார்கள், சிலர் குடியை, சிலர் தொலைக்காட்சித் தொடரை, இப்போது கைப்பேசியையும். திருநீற்றுப் புதனன்று எடுத்த முடிவு இரண்டாம் ஞாயிறுக்குள் ஆட்டம் கண்டுவிடுவதும் உண்டு. அப்படித் தவறியவர் தமக்கு மன உறுதியே கிடையாது என்று முடிவு கட்டி, மீதி நாட்களையும் விட்டுவிடுகிறார். தன்னடக்கம் என்றால் மன உறுதிதானா? இந்தக் கேள்வியோடு மகாத்மா காந்தியடிகளின் வாழ்வை நாம் பார்க்கலாம். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் புனித அகுஸ்தினாருக்குப் பிறகு தம் தோல்விகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு.

1869 அக்டோபர் 2 அன்று குஜராத்தின் போர்பந்தரில் பிறந்த காந்தியடிகளுக்குத் தன்னடக்கத்தின் முதல் ஆசிரியை அவருடைய தாய் புத்லிபாய். ஒரு மழைக்காலத்தில் சூரியனைப் பார்க்காமல் உண்பதில்லை என்று அந்தத் தாய் விரதம் எடுத்திருந்தார். பிள்ளைகள் வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். சூரியன் தெரிந்ததும் ஓடிப்போய்ச் சொல்வார்கள். அம்மா வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அவர் முகம் சுளிக்காமல், இன்று கடவுளுக்கு விருப்பமில்லை போலும் என்று திரும்பிப்போய் வேலையைப் பார்ப்பார்.

மகனுக்கு அது எளிதில் வரவில்லை. பள்ளி நாட்களில் ஒரு நண்பனின் தூண்டுதலால் வீட்டுக்குத் தெரியாமல் ஆற்றங்கரையில் இறைச்சி உண்டார். முதல் நாள் இரவு முழுவதும் வயிற்றுக்குள் ஆடு கத்துவது போல் இருந்ததாம். இருந்தும் ஓராண்டுக் காலம் அது அவ்வப்போது தொடர்ந்தது. 15 வயதில் அண்ணனின் கடனை அடைப்பதற்காக, அவர் கைக்காப்பிலிருந்து தங்கத் துண்டு ஒன்றைத் திருடினார். பிறகு மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நோயில் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை திட்டவில்லை, அடிக்கவில்லை. கண்ணீர் தாளை நனைத்தது. பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தை விளக்கும்போது நாம் சொல்லத்தக்க நிகழ்ச்சி இது.

1885-இல் அந்தத் தந்தை இறந்தார். அன்றிரவு கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மகன், சித்தப்பா வந்து தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதும், கருவுற்றிருந்த மனைவியின் அறைக்குப் போனார். சில நிமிடங்களில் கதவு தட்டப்பட்டது. தந்தையின் உயிர் பிரிந்திருந்தது. பிறந்த குழந்தையும் சில நாட்களே உயிர் வாழ்ந்தது. தம் ஆசையால் அந்தக் கடைசி நிமிடங்களை இழந்தது கழுவ முடியாத கறை என்று அவர் வாழ்நாள் முழுவதும் கருதினார். இதில் அவர் தம்மை அளவுக்கு மீறித் தண்டித்துக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. திருமண உறவில் பாவம் ஏதுமில்லை. ஆனால் விரும்புவது ஒன்று, செய்வது வேறொன்று என்ற அந்தப் போராட்டம் நமக்குப் புதிதல்ல. தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமடலின் 7-ஆம் அதிகாரத்தில் அதையே பார்க்கிறோம்.

1888-இல் சட்டம் படிக்க இலண்டன் புறப்படும் முன், மது, மாது, இறைச்சி மூன்றையும் தொடுவதில்லை என்று தாயின் முன்னிலையில், ஒரு சமணத் துறவியின் வழியாக வாக்குக் கொடுத்தார். அங்கே குளிரிலும் பசியிலும் நண்பர்கள் எவ்வளவோ வாதாடினார்கள். வாதத்தில் அவரால் வெல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டுமே அவருடைய பதிலாக இருந்தது. 1890-இல் போர்ட்ஸ்மவுத் நகரில் தங்கியிருந்தபோது, சீட்டாட்டத்தில் வீட்டுக்காரப் பெண்ணோடு பேச்சு எல்லை மீறியது. உடன் இருந்த நண்பர் எச்சரித்த அந்த நொடியில் எழுந்து ஓடினார். அன்று அவரைக் காப்பாற்றியது நண்பரின் குரலும் தம் இரண்டு கால்களும்தான்.

இனி மனநல அறிஞர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேட்போம். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி நாளையை எண்ணிப் பார்க்க உதவுகிறது. மூளையின் ஆழத்தில் டோபமின் என்னும் வேதிப்பொருளால் தூண்டப்படும் பகுதிகள் கண்முன் உள்ள சுகத்தை நாடுகின்றன. தூக்கமின்மை, மன அழுத்தம், மது மூன்றும் முன்மூளையைத்தான் முதலில் தளர்த்துகின்றன. அதனால்தான் முதல் கோப்பையைவிட இரண்டாவதை மறுப்பது கடினம். 1998-இல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும், மன உறுதி தசையைப் போன்றது, பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துவிடும் என்ற கருத்தை வெளியிட்டார்கள். அது உலகெங்கும் பரவியது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் சோதித்தபோது, அந்தக் களைப்பு ஏறக்குறையத் தென்படவே இல்லை. விவாதம் முடியவில்லை. ஆனால் வால்டர் மிஷல் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் குழந்தைகளிடம் கண்டது எளிமையானது. காத்திருந்தால் இரண்டு மிட்டாய் என்றதும், மிட்டாயை முறைத்துப் பார்த்த பிள்ளைகளைவிட, அது மூடப்பட்டிருந்தபோதும் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தபோதும் பிள்ளைகள் நெடுநேரம் காத்திருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஆரணி மக்களுக்குத் தறியே போதும். பட்டுச் சேலையின் முந்தானையில் மயிலும் மாங்காயும் நெய்யும்போது, எந்த இழை மேலே எழ வேண்டும் என்று நெசவாளர் ஒவ்வொரு மிதிக்கும் யோசித்துக்கொண்டிருப்பதில்லை. ஜக்கார்டு பெட்டியின் அட்டையில் துளையிட்டபோதே அது முடிவாகிவிட்டது. காந்தியடிகள் தாய்க்குக் கொடுத்த வாக்கு அப்படிப்பட்ட அட்டை. குடியை விட முயலும் நெசவாளர் சிலர் கூலி வாங்கும் நாளில் மனைவியையும் முதலாளி வீட்டுக்கு அழைத்துப்போய், பணத்தை அங்கேயே அவர் கையில் கொடுத்துவிட்டு, மதுக்கடை இல்லாத தெரு வழியாக வீடு திரும்புவதுண்டு. இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். போர்ட்ஸ்மவுத்தில் ஓடியவரும் கோழையா?

ஆனால் தன்னை அடக்கும் முயற்சி பிறரை அடக்குவதாக மாறும் ஆபத்து உண்டு. 1898-இல் டர்பன் நகரில், காந்தியடிகளின் வீட்டில் ஓர் எழுத்தர் தங்கியிருந்தார். அவர் கிறிஸ்தவர். அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய சிறுநீர்ப் பானையைக் கஸ்தூரிபா அம்மையார் எடுக்க வேண்டும், அதையும் முகமலர்ச்சியோடு எடுக்க வேண்டும் என்று கணவர் வற்புறுத்தினார். அம்மையார் அழுதுகொண்டே எடுத்தார். அது போதாதென்று சினம் தலைக்கேறி, மனைவியின் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ள வாயிற்கதவைத் திறந்தார். இந்த அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமில்லையா என்ற பொருளில் அவர் கேட்ட பிறகுதான் கணவருக்குத் தன் நினைவு வந்தது. தீண்டாமையை ஒழிக்கும் நல்ல நோக்கம்தான். அதுவே சினத்துக்குக் குதிரையாகிவிட்டது. 1906-இல் அவர் எடுத்த பிரமச்சரிய விரதத்தையும், முதுமையில் அதைச் சோதிக்க இளம்பெண்களை உட்படுத்தியதையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அந்தச் சோதனைகளை அவருக்கு நெருக்கமானவர்களே ஏற்கவில்லை. நாமும் ஏற்க இயலாது.

நமக்கு அவரை மிக அருகில் கொண்டுவருவது 1918-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. பாலைத் தொடுவதில்லை என்று 1912-இலேயே விரதம் எடுத்திருந்தார். ஆகஸ்டில் வயிற்றுக் கோளாறு. அன்று ஏதோ பண்டிகை. நண்பகலில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கஸ்தூரிபா அம்மையாரோ நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டு இனிப்புக் கோதுமைக் கஞ்சியும், ஒரு கிண்ணம் பாசிப்பயறும் செய்து வைத்திருந்தார். இரண்டுமே அவருக்குப் பிடித்தவை. மனைவிக்காகவும் நாக்குக்காகவும் கொஞ்சம் மட்டும் என்று உட்கார்ந்தவர் வயிறு நிறைய உண்டார். ஒரு மணி நேரத்துக்குள் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து, சாவின் வாசல் வரை போனார். இலண்டன் குளிரில் அசையாதவர் பாசிப்பயற்றிடம் தோற்றார். அந்தக் கிண்ணத்துக்கு எதிராக அவரிடம் வாக்கு எதுவும் இல்லை. கொஞ்சம் என்பதற்கு அளவும் இல்லை.

உடல் தேறப் பால் அவசியம் என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது பசுவும் எருமையும்தானே நினைவில் இருந்தன, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் அம்மையார். வாழும் ஆசையில் காந்தியடிகள் இணங்கினார். விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற வருத்தம் அவரிடம் தங்கிவிட்டது. பாசிப்பயற்றையும் ஆட்டுப்பாலையும் மறைக்காமல், 1925 முதல் 1929 வரை நவஜீவன் இதழில் வாரந்தோறும் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதினார். நாடே அவரை மகாத்மா என்று அழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

கலாத்தியருக்கு எழுதிய திருமடலில் தூய பவுல் தன்னடக்கத்தைத் தூய ஆவியின் கனிகளில் கடைசியாக வைக்கிறார். தசைக்கு நம் முயற்சி போதும் என்று நினைக்கலாம். கனிக்கு மண்ணும் நீரும் வேலியும் வேண்டும், காலமும் வேண்டும்.

காந்தியடிகள் அதன்பின் ஆட்டுப்பாலை விடவில்லை. 1948 சனவரி 30 மாலை தில்லியில், வல்லபாய் பட்டேலோடு பேசிக்கொண்டே உண்ட கடைசி உணவிலும் அது இருந்தது. பேச்சு நீண்டு, செபக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக எழுந்து நடந்தார்.