பத்திரிகாசிரியர் கோ. நடேசய்யர்

நம் கல்லூரியிற் பயிலும் இளைஞருள் எழுத்தையே தொழிலாகக் கொள்ள விழைவோர் சிலரேனும் உளர். பத்திரிகாசிரியர் ஆவது எங்ஙனம் என அவர்கள் வினவுவாராயின், மலையகத்தின் வரலாற்றிலிருந்தே விடை கூறல் சாலும். அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களின் பொருட்டு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காலம் ஏடுகள் நடத்திய கோ. நடேசய்யரின் வாழ்க்கையே அவ்விடையாகும்.

ஐயரவர்கள் தஞ்சை மண்ணில் தோன்றியவர். தஞ்சாவூர் வர்த்தகர்களுக்காக வெளிவந்த 'வர்த்தகமித்திரன்' என்னும் பத்திரிகையே அவருக்கு முதற் பயிற்சிக் களமாயிற்று. வாணிகத் துறை சார்ந்த நூல்களையும் அவர் இயற்றினார். கணக்கும் சட்டமும் பொதுமக்களுக்கு விளங்குமாறு எளிய தமிழில் எழுதும் ஆற்றல் இவ்வாறு அவருக்குக் கைவந்தது. பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணை புரிந்ததும் இவ்வாற்றலே.

1915ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பினார். ஆனால் தோட்டங்களோ தனியார் சொத்துக்கள். துரையின் அனுமதியின்றி வெளியார் உட்புகுதல் குற்றமாகக் கருதப்பட்டது. புடைவை வியாபாரிகளுக்கு மட்டும் தடை அத்துணை கடுமையாக இருக்கவில்லை. ஆகவே ஐயரும் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்றார். அவர்தம் வாழ்க்கையைத் தம் கண்ணாலேயே கண்டு திரும்பினார். செய்தி தம்மைத் தேடி வரும் எனக் காத்திராது, அது மறைந்து கிடக்கும் இடத்திற்குத் தாமே செல்லும் இயல்பு அவரிடம் அன்றே அமைந்திருந்தது.

பின்னர் அவர் கொழும்பிற் குடியேறினார். 1921ஆம் ஆண்டில் 'தேசநேசன்' பத்திரிகையின் ஆசிரியரானார். 1924இல் 'தேசபக்தன்' தோன்றியது. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் சென்னையில் 1917இல் ஆசிரியராயிருந்து நடத்திய ஏடும் அப்பெயருடையதே. ஆங்கிலம் அறிந்த ஆளுவோர்க்கும் குறைகள் எட்டவேண்டுமென்று 'சிற்றிசன்', 'போர்வேட்' என்னும் ஆங்கிலத் தாள்களையும் ஐயர் வெளியிட்டார். 1925ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று சட்டநிரூபண சபையிலும் அமர்ந்தார்.

அக்காலத் தோட்ட வாழ்வின் தன்மையைச் சிறிது நினைத்தல் வேண்டும். ஒரு தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். இம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியிடம் பட்ட கடன் ஒழிந்தபாடில்லை. இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1927ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. ஆயின், தம் உரிமை இன்னதென அறியாதானுக்குச் சட்டம் என்ன பயன் தரும்? அவ்வறிவை ஊட்டுவதே தம் ஏட்டின் கடமை என ஐயர் கொண்டார்.

இதில் ஒரு பேரிடர் இருந்தது. யாருக்காக அவர் எழுதினாரோ, அவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனவே, ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டு உணரத்தக்க நடையை அவர் கையாண்டார். துண்டுப் பிரசுரங்களையும் சிறு நூல்களையும் வெளியிட்டார். 1937இல் 'தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்' என்னும் நாடகத்தையும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிற் பாடல்களைப் பாடி அக்கருத்துக்களைப் பரப்பினார். அம்மையாரின் பாடல்கள் 1940ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றன. அச்செழுத்துச் செல்லாத இடத்துக்கு இசை சென்றது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் ஐயர் உபதலைவராய் விளங்கினார். இருபதுகளின் பிற்பகுதியில் குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். உடனிருந்தால் செல்வாக்கு நிலைக்கும். விலகினால் தனிமையே எஞ்சும். ஐயர் விலகினார். மலைநாட்டை நோக்கி வந்து, 1931ஆம் ஆண்டில் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 'நீ மயங்குவதேன்?' என்னும் அவருடைய நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. உலக வர்த்தக மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து சம்பளம் குறைக்கப்பட்ட காலத்தில் அவர் குரல் தொழிலாளர் பக்கம் நின்றது. 1936இல் அட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1947 வரை அவர் அங்கு உறுப்பினராயிருந்தார்.

1939ஆம் ஆண்டில் பண்டித ஜவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. தொழிலாளருட் பெரும்பாலோர் அப்புதிய அமைப்பின் பக்கஞ் சென்றனர். ஐயருடைய சங்கம் மெலிந்தது. எனினும் அவர் பேனாவைக் கீழே வைத்தாரல்லர். 1947ஆம் ஆண்டில், திரு. எஸ். ஜே. வி. செல்வநாயகம் கொழும்பில் 'சுதந்திரன்' பத்திரிகையைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியராய் அமர்ந்தவர் நடேசய்யரே. அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், அவர் வாழ்நாளெல்லாம் யாருக்காக எழுதினாரோ அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அத்துயரைக் காண அவர் இருந்திலர். அதனை எதிர்த்தெழுதவும் இருந்திலர்.

ஐயரவர்கள் குறையற்றவர் என யாம் கூற வரவில்லை. கூட்டாளிகளுடன் நெடிது ஒத்துச் செல்லாதவர் என்று அவர்மீது சிலர் குறை கூறுவதுண்டு. ஆயின் அவர் தொழில் வாழ்வை முழுமையாக நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். ஏடுகள் தோன்றின, மறைந்தன. சங்கங்கள் கூடின, பிரிந்தன. எந்த வாசகருக்காக எழுதத் தொடங்கினாரோ, அவ்வாசகரை மட்டும் அவர் கைவிட்டிலர். தஞ்சையிற் கற்ற எளிய நடையும், புடைவை மூட்டையோடு தோட்டத்துட் சென்ற துணிவும், தம்மினும் செல்வாக்குடையாருக்கு மாறாக நிற்கும் உறுதியுமே அவரது முதலீடு. ஆசிரியப் பீடத்தை நாடும் நம் மாணவர் முதற்கண் ஆராயவேண்டுவது, எப்பத்திரிகையில் இடங் கிடைக்கும் என்பதன்று. யாருக்காக எழுதப்போகின்றோம் என்பதேயாம்.